கிடங்குக்காரனின் பாடம்

தொண்ணூறுகளின் இறுதியில் திருச்சியில், கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், பேராசிரியர் வராத பிற்பகல்களில் நாங்கள் ஆடியது சோகோபான். மேலிருந்து பார்த்தால் ஒரு கிடங்கு. அதற்குள் ஒரு மனிதன், சில பெட்டிகள். பெட்டிகளைக் குறித்த இடங்களில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் ஒரு பெட்டி சிக்கினால் அந்த ஆட்டம் அவ்வளவுதான். “மூளைக்கு நல்லது” என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். இன்று மெல்பர்னில் என் மகள் அதே வாதத்தை என்னிடம் வைக்கிறாள். அது எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் இந்த ஆட்டங்களின் வரலாற்றைத் தேடிப் போனேன்.

சோகோபானை 1981இல் உருவாக்கியவர் ஜப்பானியரான ஹிரோயுகி இமாபயாஷி. அடுத்த ஆண்டு அவருடைய திங்கிங் ராபிட் நிறுவனம் அதை வெளியிட்டது. பெயருக்குக் கிடங்குக் காவல்காரர் என்று பொருள். விதிகளை ஒரு நிமிடத்தில் கற்கலாம். ஆனால் 1997இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கல்பர்சன், இது கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்றைச் சேர்ந்தது என்று நிறுவினார். எல்லாக் கிடங்குகளையும் விரைந்து தீர்க்கும் பொதுவழி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. சரியான இடத்தில் சேர்த்துவிட்ட பெட்டியைக்கூட இன்னொன்றுக்கு வழிவிட மறுபடி நகர்த்த வேண்டிவரும். முடித்துவிட்டோம் என்று நினைத்ததைக் கலைக்க மனம் வராது. ஆட்டத்தின் கடினத்தில் பாதி அதுதான்.

இந்த மனம் வராமையை, வீடியோ கேம் பிறப்பதற்கு முன்பே ஒருவர் அளந்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் லுச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று ஜாடிகள்: 21, 127, 3 அளவுள்ளவை. 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரண்டு முறையும் ஊற்றிவிட்டால் விடை. இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்தார். பிறகு 23, 49, 3 ஜாடிகளைக் கொடுத்து 20 கேட்டார். 23இலிருந்து 3ஐக் கழித்தால் போதும். பழகியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை, சுற்றுவழியிலேயே போனார்கள். அடுத்து 28, 76, 3 கொடுத்து 25 கேட்டார். இங்கே பழைய வழி வேலையே செய்யாது. எளிய கழித்தல் கண்முன் இருந்தும் பலர் திகைத்து நின்றார்கள். முன் கணக்குகளைச் செய்யாமல் நேரே வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அறியாமையைவிட, முன்பு கிடைத்த வெற்றிதான் கண்ணை மறைத்தது.

சோகோபானின் பெட்டிகளையே எடுத்து அடுத்த படிக்குப் போனவர் ஃபின்லாந்தின் அர்வி தெய்கரி. 2017இல் ஒரு கேம் ஜாமில் அவர் தொடங்கிய ‘பாபா இஸ் யூ’ 2019இல் முழு ஆட்டமாக வந்தது. இதில் ஆட்டத்தின் விதிகளே தள்ளக்கூடிய கட்டைகள். ‘வால்’, ‘இஸ்’, ‘ஸ்டாப்’ என்ற மூன்று கட்டைகள் வரிசையில் இருக்கும்வரை சுவர் தடுக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்து போகலாம். சுவரைச் சுற்ற நான் கால் மணி நேரம் வழி தேடினேன். மகள் ஒரு கட்டையை நகர்த்தினாள்.

அப்படியானால் வளைந்து யோசிக்கப் பயிற்சி கிடைக்கிறதா? லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனம், தன் விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்ற புகாரில் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மறுபக்கம், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 77 மாணவர்கள், தலைக்கு 8 மணி நேரம். ‘போர்ட்டல் 2’ என்ற புதிர் விளையாட்டை ஆடியவர்கள், புதிர் தீர்ப்பதிலும் விடாமுயற்சியிலும் லுமோசிட்டி ஆடியவர்களைவிட முன்னே நின்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் சிறிய ஆய்வு.

என் சாட்சியம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் இரவுநேரக் கணக்கு ஓட்டம் விடியும்வரை முடியாமல் இழுத்தது. அதே நோயை மூன்று இடங்களில் நினைவகத்தைக் கூட்டிக் குணப்படுத்தியவன் நான். நான்காவது இடத்திலும் அதையே செய்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, “உள்ளே வரும் ஃபைலைப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள். “அது நம் வேலை இல்லை” என்று வாயை அடைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது: அனுப்புகிறவர்கள் ஒரே ஃபைலை இரண்டு முறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் பெட்டி தள்ளியவன், வேலையில் லுச்சின்ஸின் ஜாடிகளைத்தான் ஏந்திக்கொண்டிருந்தேன்.

லுச்சின்ஸின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சிலரிடம், நடுவில் நிறுத்தி, “கண்மூடித்தனமாகச் செய்யாதே” என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படி எழுதியவர்களில் கணிசமானோர் குறுக்குவழியைக் கண்டார்கள். ஆட்டம் தானாக எதையும் வெளியே கொண்டுவந்து தருவதில்லை. நின்று, பெயர் சொல்லி, நாம்தான் கொண்டுவர வேண்டும்.

அதனால் மகளின் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஒரு கட்டம் முடிந்ததும், “எதை மாற்றவே முடியாது என்று முதலில் நினைத்தாய்?” என்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது எங்கள் குழுவில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பேசுவது அவள்தான், நான் கடைசியில்.