இசைத்தட்டில் தெரியாத முகம்



இசைத்தட்டைச் சுழல விட்டால் வாத்தியம் கேட்கும். வாசித்தவரின் முகம் தெரியாது. முப்பதுகளின் அமெரிக்காவில் இந்தச் சாதாரண விடயத்துக்குப் பெரியதோர் அர்த்தம் இருந்தது. டெடி வில்சன் என்ற ஜாஸ் பியானோக் கலைஞரின் கதை அதை நமக்குச் சொல்கிறது.

வில்சன் 1912 நவம்பர் 24ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் பிறந்தவர். வளர்ந்தது அலபாமாவிலுள்ள டஸ்கீகியில். கறுப்பினத்தவரின் கல்விக்குப் பெயர்பெற்ற அவ்வூர் நிறுவனத்தில் அவரது பெற்றோர் பணியாற்றினார்கள்.

அவருக்கு முந்திய ஹார்லம் பியானோ விற்பன்னர்கள் இடது கையால் தாளத்தை ஓங்கி அடித்து வாசிப்பார்கள். வில்சனின் இடது கையோ பத்துச் சுரம் விரித்துப் பிடித்தபடி அமைதியாக நடந்து செல்லும். வலது கை, ஏர்ல் ஹைன்ஸின் பாணியை மென்மையாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக உச்சரிக்கும். ஆர்ப்பாட்டமில்லாத வாசிப்பு அது.

1935 ஜூலையில், இருபத்திரண்டு வயதில், அவரது வாழ்வு திசை திரும்பியது. 2ஆம் திகதி, ஜோன் ஹமண்டின் ஏற்பாட்டில், பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காகத் தம் பெயரிலமைந்த குழுவுடன் முதல் ஒலிப்பதிவைச் செய்தார். பாடியவர் இருபது வயதுப் பில்லி ஹொலிடே. காசு போட்டால் பாடும் ஜூக்பொக்ஸ் பெட்டிகளை மனதிற்கொண்டு மலிவாகத் தயாரான தட்டுகள் அவை. புதுப் பாடல்களில் தரமானவை பெரும்பாலும் வெள்ளையினப் பாடகர்களுக்கே போயின. எஞ்சியவை இவர்களுக்கு வந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே இடம். அதற்குள் வில்சன் பாட்டைத் தொடக்கிவைப்பார். வாத்தியக்காரர் சிலர் தனித்து வாசிப்பார்கள். பில்லி ஒரு சுற்றுப் பாடுவார். 1937 ஜனவரியில் லெஸ்ரர் யங்கின் சாக்ஸபோனும் சேர்ந்தபோது, மட்டமான பாட்டுக்கூடக் கவிதையாயிற்று.

முதல் பதிவு முடிந்து பதினொரு நாளில், 13ஆம் திகதி, விக்ரர் நிறுவனத்தில் இன்னொரு பதிவு நடந்தது. கிளாரினெற் வாசித்தவர் பெனி குட்மன், ட்ரம்ஸ் ஜீன் குருபா; இருவரும் வெள்ளையர். பியானோவில் வில்சன். அந்தத் தட்டை வாங்கியவர் கேட்டது இசையை மட்டுமே. ஒலிப்பதிவுக் கூடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பது அதற்கு முன்னரும் நடந்ததுண்டு. பலர் பார்க்க ஒரே மேடையில் அமர்வது வேறு விடயம். குட்மனே தயங்கினார். 1936ஆம் ஆண்டு ஈஸ்ரர் ஞாயிறன்று சிக்காகோவின் கொங்கிரஸ் ஹோட்டலில் மூவரும் மேடையேறினார்கள். கூடத்திலிருந்து மேடைக்கு வர ஒன்பது மாதங்கள் பிடித்தன.

அப்போதும் ஒரு வேலி இருந்தது. குட்மனின் பெருங்குழுவில் பியானோ ஆசனம் ஜெஸ் ஸ்ரேசி என்ற வெள்ளையருக்கே உரியது. மூவர் குழுவின் முறை வரும்போதுதான் வில்சன் வந்து அமர்வார். 1938 ஜனவரி 16ஆம் திகதி கார்னகி மண்டபத்தில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியிலும் இதே ஒழுங்குதான்.

1939இல் அவர் சொந்தப் பெருங்குழு அமைத்தார். அது அடுத்த ஆண்டே கலைந்தது. பின்னர், இரு இனத்தவரும் கலந்து அமர்ந்து கேட்ட நியூயோர்க்கின் கபே சொசைற்றி விடுதியில் சில ஆண்டுகள் வாசித்தார். ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் கற்பித்தார். 1956இல் லெஸ்ரர் யங்குடன் மீண்டும் இணைந்து அவர் செய்த பதிவு இருவருக்குமே பெருமை தருவது. 1986 ஜூலை 31ஆம் திகதி காலமானார்.

வில்சனின் பெயரில் வெளிவந்த அந்த பிரன்ஸ்விக் தட்டுகள் பிற்காலத்தில் பெரும்பாலும் பில்லியின் பெயரிலேயே மறுபதிப்பாயின. இசைத்தட்டில் முகம் தெரியாததால் வழி கிடைத்த கலைஞருக்கு, பின்னாளில் பெயரும் மங்கியது. அடுத்த முறை பில்லியின் அந்தக் காலப் பாடலொன்றைக் கேட்க நேர்ந்தால், குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் பியானோவுக்கும் சற்றுச் செவி கொடுங்கள். பாடகி மூச்செடுக்கும் இடைவெளியில் இரண்டு சுரங்கள் வைத்துவிட்டு, அவர் பாடத் தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்கிறாரே, அவர்தான் டெடி வில்சன்.