குற்றப் பரம்பரைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது, சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் எனக் கருதிக் கண்காணிக்க ஆங்கில அரசு இயற்றிய சட்டமாகும். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது.

கருத்து

தச்சர் மகன் தச்சராவது போலத் திருடர் மகன் திருடராவான் என்று அன்றைய அதிகாரிகள் நம்பினர். எனவே ஒருவர் என்ன செய்தார் என்பதை விட, எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே முக்கியமாயிற்று.

நடைமுறை

அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் தம் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். பலர் இரவுகளை அங்கேயே கழித்தனர். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு தேவை. சில குடும்பங்கள் தனிக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டன. அரசின் அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. சிறைச் சுவர் இல்லாமலே ஊர் முழுவதும் சிறையானது.

எதிர்ப்பு

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்.

இதே காலத்தில் கள்ளர் வகுப்பின் மற்றொரு பிரிவினரான தொண்டைமான்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மன்னர்களாக ஆங்கிலேயரிடம் பீரங்கி மரியாதை பெற்றனர். குற்றம் இரத்தத்தில் வருவது என்றால் இது எப்படிப் பொருந்தும்? எங்கள் மாவட்ட மாணவர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

நீக்கம்

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் நீக்கப்பட்டது. பட்டியலில் இருந்தோர் 'சீர்மரபினர்' எனப்பட்டனர். அதற்குப் பதிலாக வந்த வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள், சமூகத்தை விட்டுத் தனிமனிதரின் தண்டனைப் பதிவைப் பார்த்தன. ஆனால் பழைய சந்தேகப் பார்வை உடனே மறையவில்லை.

அமெரிக்காவிலும் 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம், குற்றத்திற்குத் தண்டனையாகக் கட்டாய வேலையை விட்டுவைத்தது. தென் மாநிலங்கள் வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிக் கறுப்பின மக்களைப் பிடித்து, தனியாருக்கு வாடகைக்கு விட்டன. ஒரு கூட்டத்தையே சந்தேகிக்கும் சட்டத்திற்குப் பெயர்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. குற்றம் செயலில் இருக்கிறது, பிறப்பில் இல்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.