ஏட்டில் கிடைத்த அரசுரிமை: ஆற்காடும் தஞ்சையும்



ஒரு நாடு தன்னை நாடென்று அறிவிப்பது ஒன்று. பிறர் அதனை ஏற்பது வேறொன்று. பாலஸ்தீனத்தை இந்தியா 1988-இல் அங்கீகரித்தது. 2012-இல் ஐ.நா. பொதுச்சபையில் 138 நாடுகள் வாக்களித்து அதற்குப் பார்வையாளர் நாடு என்னும் தகுதியை வழங்கின. ஆயினும் அதனை முழு உறுப்பினராக்கும் தீர்மானம் 2024 ஏப்ரலில் பாதுகாப்பு அவையில் அமெரிக்காவின் வீட்டோவால் வீழ்ந்தது. அங்கீகாரம் யார் கையில் உள்ளது என்னும் இக்கேள்வி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் காவிரிப் படுகையிலும் எழுந்ததாகும்.

அந்நாளில் திருவாரூர் தஞ்சை மராட்டியரின் ஆட்சியில் இருந்தது. தஞ்சை தனியரசா, ஆற்காட்டுக்கு அடங்கியதா என்பதே வழக்கு. ஆங்கிலக் கும்பினி நடுநின்று முடித்த 1762-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, மன்னர் பிரதாப சிங் ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் திறை செலுத்த இசைந்தார்.

நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் உரிமையும் வழக்கில் இருந்ததே. அவரை ஆங்கிலேயரும், சந்தா சாஹிபைப் பிரெஞ்சுக்காரரும் ஆதரித்துப் போரிட்டனர். 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, அவரே கர்நாடகத்தின் முறையான நவாப் என்று இரு தரப்பாரும் ஏற்கச் செய்தது. ஐரோப்பாவின் உடன்படிக்கையிலேயே பெயர் ஏறிய பின் வேறென்ன குறை என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் படையும் கடனும் கும்பினியாரிடமே இருந்தன.

1773-இல் கும்பினிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். நவாபுக்குக் கடன் கொடுத்த கும்பினி ஊழியர் பால் பென்ஃபீல்டு போன்றோர் தஞ்சையின் வருவாய் மீதும், வயலில் நின்ற பயிர் மீதும் உரிமை கோரினர். லண்டன் இயக்குநர்கள் மனம் மாறியதும், 1776-இல் ஆளுநர் பிகட் பிரபு தஞ்சையைத் துளஜாஜியிடமே திருப்பியளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய சபையினரே அவரைச் சிறைவைத்தனர்; 1777-இல் காவலிலேயே அவர் இறந்தார். தஞ்சையின் தகுதியை மாற்றி மாற்றி எழுதியவர் எவரும் இந்நாட்டு உழவரைக் கேட்டாரில்லை.

முடிவு இருவருக்கும் ஒன்றே. 1799-இல் தஞ்சையின் ஆட்சியும் 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியும் கும்பினியிடம் சென்றன. 1855 அக்டோபரில் நவாப் குலாம் கௌஸ் கானும் தஞ்சையின் சிவாஜி மன்னரும் ஒரே மாதத்தில் ஆண் வாரிசின்றி மறைந்தனர். இரு பட்டங்களையும் கும்பினி ஒருசேர நீக்கியது.

இதனைச் சமயப் போராகச் சித்திரிப்போர் உளர். திறைக்கும் கடனுக்கும் நடந்த போர் அது. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவை எழுப்பியவர் அதே பிரதாப சிங் மன்னரே என்பதை நாம் மறத்தலாகாது. அண்டை அரசுகள் இரண்டும் தம்முள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய வழக்கை மூன்றாமவரிடம் கொண்டு சென்றன. தீர்ப்புச் சொன்னவரே இரண்டையும் எடுத்துக்கொண்டார். பிறர் தரும் அங்கீகாரம் அவர்தம் நலன் உள்ளவரைதான் நிற்கும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.

நம் ஊர்களின் வழக்குகளை நாமே அமர்ந்து நீதியுடன் தீர்த்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.