குறிஞ்சி மலரும் குமரவேளும்



சிறுசேரிக்குத் தெற்கே திருப்போரூரில் கந்தவேள் கோயில் கொண்டுள்ளான். கடற்கரையை அடுத்த இந்நிலம் நெய்தல். அவனோ குறிஞ்சி நிலக் கிழவன். அவனுக்குரிய திணைக்குப் பெயர் தந்த குறிஞ்சி மலரை நம்மில் எத்துணைப் பேர் கண்டிருப்போம்?

நீலக்குறிஞ்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இயல்பாக வளரும் புதர்ச்செடி. நீலகிரி, பழநிமலை, மூணாறு ஆகிய இடங்களின் உயர்ந்த புல்வெளிகளே அதன் உறைவிடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையெங்கும் ஒருங்கே பூக்கும். விதை முதிர்ந்ததும் மடியும். 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெரும் பூப்பு நிகழ்ந்தது.

பன்னிரண்டாண்டுக் காத்திருப்பு நமக்குப் புதிதன்று. திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்று போற்றுகிறோம். 2011இலும் 2024இலும் அதனை வரவேற்று வழிபட்டோம். குளத்திற்குச் சங்கு எவ்வாறோ, மலைக்குக் குறிஞ்சி அவ்வாறே.

இச்செடி ஆண்டுதோறும் பூவாதது ஏன்? சிறிது சிறிதாக விதைத்தால் பூச்சியும் பறவையும் அவ்வளவையும் தின்றுவிடும். அளவின்றி ஒரே காலத்தில் விதைத்தால், தின்றது போக மிகுதி முளைக்கும். இயற்கை நூலார் இவ்வாறு கருதுகின்றனர்.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில் 1936ஆம் ஆண்டு எழுந்தது. ஈழத்துச் சைவப் பெரியார் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் அதனை எடுப்பித்தார். மேனாட்டிலே பிறந்து நம் சமயம் தழுவிய அவ்வம்மையார், முருகனை அம்மலரின் பெயராலேயே வழங்கியது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் அம்மலரின் நிலம் சுருங்கிவிட்டது. ஆங்கிலேயர் காலந்தொட்டுத் தேயிலைத் தோட்டங்கள் மலைச்சரிவுகளை மூடின. பின்னர்த் தைலமரமும் சீகை மரமும் புல்வெளிகளைக் கவர்ந்தன. கேரள அரசு 2006இல் மூணாற்றுப் பகுதியில் குறிஞ்சிமலைக் காப்பகத்தை அறிவித்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் இச்செடியை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகக் குறித்தது.

அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அன்று மலையேறும் அன்பர் பலர், முருகனுக்கென்றே ஒரு கொத்துப் பறிக்க விழைவர். சற்றே எண்ணுவோமாக. ஆண்டுதோறும் பூக்கும் அலரியைப் பறித்தால் மறுநாளும் அரும்பும். குறிஞ்சிக்கோ வாழ்நாளில் ஒரே பூப்பு. பறித்த பூ விதையாகாது. விதையில்லையேல் அடுத்த பன்னிரண்டாம் ஆண்டில் அவ்விடம் வெறுநிலமே.

மலை முழுதும் அவன் திருமேனி எனில், செடியில் நிற்கும் மலர் முன்னரே அவனுக்குச் சாத்தப்பட்டதன்றோ? கண்ணாரக் கண்டு, கைகூப்பி மீள்வதே அங்கு நாம் செய்யத்தக்க அருச்சனை. நம் மக்களும் அவர்தம் மக்களும் அக்காட்சியைக் காணக் கந்தவேள் அருள்புரிவானாக.