தாண்டியவரும் தாண்ட வைத்தவையும்
1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் தாண்டி, இலங்கைக்கு அப்போட்டிகளின் முதல் தங்கத்தை வென்றார். அதைத் தனிமனித அதிசயம் என்று சொல்லிவிடுவது நமக்கு வசதி. ஆனால் பெரியவிளான்காரரான அவருக்கு முதலில் யாழ். மத்திய கல்லூரியின் மைதானம் கிடைத்தது, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் அனுபவம் கிடைத்தது, பிறகு கலிபோர்னியாவில் பல்கலைக்கழக வாழ்வும் வாய்த்தது. இதுபோலவே, 2022இல் நடந்த ரக்பி லீக் உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை வந்த சமோவா அணியிலும் பலர் சிட்னி, ஒக்லாந்து மைதானங்களில் வளர்ந்தவர்களே.

உடல்வாகு இருந்தால் எங்கிருந்தும் எழலாம், இலங்கை வலைப்பந்தின் நெடிய வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் எழவில்லையா என்பார்கள். எழுந்தார்தான். ஆனால் உயரம் பந்தைப் பிடிக்கும், ஆட்டத்தைக் கற்றுத்தராது. அவருக்கும் தேசிய அணியும் மெல்பேர்ண் கழகமும் வேண்டியிருந்தன. கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளையில் நடந்தது நேர்மாறு. 2009 தொடக்கத்தில் போர் அங்குள்ள தருமபுரத்தைக் கடந்தபோது பிரதேசமே இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் பாடத்தோடு விளையாட்டையும் இழந்தார்கள். அங்கிருந்து ஏன் ஓர் எதிர்வீரசிங்கம் வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை. கண்டாவளைப் பள்ளிகளுக்கு நல்ல மைதானமும் நிலையான பயிற்றுநரும் கொடுங்கள். திறமையைப் பற்றிப் பிறகு பேசலாம்.