விடையின்றி நிற்கும் விடையேறும் பெருமான்

கலை வரலாறு பயில்வோர்க்குப் பாடநூல் ஒரு கண் என்றால், காட்சிச்சாலை மற்றொரு கண்ணாகும். மூன்றடி உயரமுள்ள திருமேனியைப் பாடநூல் உள்ளங்கையளவு படமாக்கிக் காட்டும்; அதன் முகத்தைக் காட்டி முதுகை மறைக்கும். காட்சிச்சாலையிலோ அத்திருமேனியை அருகில் நின்று நோக்கலாம். இடம் இருப்பின் சுற்றியும் வந்து காணலாம். ஆயினும், ஒரு மணி நேரத்தில் ஐம்பது சிலைகளைக் கடந்து செல்பவன் ஒன்றையும் கண்டவனாகான். ஒரே சிலையின் முன் அந்த ஒரு மணி நேரமும் நிற்பவனே மாணவன். அவ்வாறு நிற்பவன் எதைக் காண வேண்டும், கண்டபின் எதைத் தேட வேண்டும் என்பதற்குத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள ஒரு செப்புத் திருமேனி தக்க சான்றாகும்.

கண் கூறுவது

தஞ்சை அரண்மனையில் 1951-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது அக்கலைக்கூடம். சீர்காழியை அடுத்த திருவெண்காட்டில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1950-களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட திருமேனிகள் சில அங்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள சிவபெருமான் உருவம். இரண்டே கைகள், ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, இளைப்பாறுவார் போல நிற்கும் நிலை. சடை தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அதனிடையே பாம்பு நெளிகிறது. அருகில், தனியே வார்க்கப்பட்ட உமையம்மையின் திருமேனி.

மாணவன் கூர்ந்து நோக்க வேண்டியது பெருமானின் வலக்கையை. அக்கை முழங்கையில் மடங்கி, எதன்மீதோ சாய்ந்திருப்பது போல நிற்கிறது. ஆனால் கையின் கீழே ஒன்றும் இல்லை. வெறும் வெளியே உள்ளது. உடலின் வளைவு, குறுக்கிட்ட கால், தளர்ந்த விரல்கள் ஆகிய யாவும் ஏதோ ஒன்றைச் சார்ந்து நிற்பவனின் நிலையையே காட்டுகின்றன. எனவே, அங்கே ஒரு தாங்கல் இருந்திருக்க வேண்டும். சிவபெருமான் சாய்ந்து நிற்கத்தக்கது அவருடைய ஊர்தியாகிய விடையே. விடை இன்று இல்லை. அது நின்ற இடத்தையும் அதன் உயரத்தையும் பெருமானின் கையே காட்டி நிற்கிறது. இல்லாத ஒன்றை உள்ளதைக் கொண்டு உணர்வதே கலையாய்வில் கண்ணின் பணி.

கல்வெட்டு கூறுவது

இனி, இது எக்காலத்தது என்னும் வினா எழும். திருமேனியின்மேல் ஆண்டு எதுவும் பொறிக்கப்படவில்லை. முகத்தின் அமைதி, அணிகளின் நுட்பம், உடலின் நெகிழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டு இது சோழர் காலத்தது எனலாம். ஆனால் சோழர் காலம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. கண் இங்கே தயங்கி நிற்கிறது. ஏடு துணைக்கு வருகிறது.

திருவெண்காட்டுக் கோயிலின் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், அங்கு இடபவாகன தேவர் திருமேனி இருந்ததைக் குறிப்பிட்டு, கோலக்காவன் என்பவரின் பெயரை அதனோடு இணைத்துக் கூறுகிறது. அத்தேவரின் தேவியார் பற்றிய குறிப்பு அடுத்த ஆண்டாகிய 1012-க்குரியது. இடபம் என்பது விடை. இடபவாகனர் என்பார் விடையேறும் பெருமான். மடங்கிய கையைக் கொண்டு கண் ஊகித்த விடையை, ஆயிரம் ஆண்டுக்கு முன் பொறிக்கப்பட்ட பெயர் உறுதி செய்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக் கலசத்துக்கு இராசராசன் பொற்குடம் அளித்தது 1010-இல். எனவே, கல்லில் அப்பெருங்கோயில் நிறைவுற்ற அதே வேளையில், செம்பில் இவ்வுருவும் எழுந்தது எனலாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கல்வெட்டு இருந்தது சுவரில். திருமேனி கிடைத்தது மண்ணில். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று எவரும் எழுதி வைத்திலர். ஊர் ஒன்றாயிருத்தலும், கோலம் பெயரோடு பொருந்துதலும், கலைப்பாங்கு காலத்தோடு இசைதலும் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆய்வாளர் முடிவு கண்டனர். இவற்றுள் ஒன்று பிசகினும் முடிவு தளரும். ஆராய்ச்சி என்பது இத்தகைய முடிச்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதே.

இதனால் விளைந்த பயன் பெரிது. அதே ஊரிலிருந்து கிடைத்து அதே கலைக்கூடத்தில் உள்ள பிச்சைத்தேவர் திருமேனி, மற்றொரு கல்வெட்டின் துணையால் 1048-ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, 37 ஆண்டுகளில் சோழர் வார்ப்புக்கலை கொண்ட மாற்றம் புலனாகும். ஆண்டு தெரியாத பல திருமேனிகளின் காலத்தைக் கணிக்க, ஆண்டு தெரிந்த இத்தகைய சிலவே அளவுகோலாகின்றன.

செம்பே ஏடாதல்

திருமேனியின் உடலும் ஓர் ஏடே. சோழ நாட்டுச் சிற்பிகள் முதலில் மெழுகில் உருவத்தை முழுமையாக வடித்தனர். அதன்மேல் களிமண் பூசி உலர்த்திச் சுட்டனர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் செம்பு மிகுந்த உலோகக் கலவையை ஊற்றினர். களிமண் கருவை உடைத்தே திருமேனியை வெளியே எடுக்க இயலும். ஆகவே, ஒரு கருவிலிருந்து இரண்டு உருவங்கள் பிறப்பதில்லை. பீடத்தில் காணப்படும் வளையங்களும் துளைகளும், திருவிழாவில் தண்டு கோத்து உலாக் கொண்டு சென்றதைக் கூறும். மூக்கும் இதழும் தேய்ந்திருந்தால் அது நெடுநாள் திருமுழுக்கின் அடையாளம். பச்சை படர்ந்த மேனி மண்ணில் கிடந்த காலத்தின் சுவடு. காட்சிச்சாலையில் அசையாது நிற்பது, ஒரு காலத்தில் நீராடி, பட்டுடுத்து, வீதியில் உலா வந்த திருமேனி என்பதை மாணவன் மறத்தலாகாது.

ஏடு பொய்த்தால்

கண்ணும் ஏடும் ஒன்றையொன்று காவாவிடில் நேரும் கேடு சிறிதன்று. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், 1950-களில் பழுது பார்க்கக் கொடுக்கப்பட்டார். கோயிலுக்குத் திரும்பியதோ புதிதாக வார்த்த நகல். கோயில் ஏட்டில் நடராசர் இருந்தார், எண்ணிக்கையும் சரியாயிருந்தது. கோயிலில் உள்ளது மூலத்திருமேனி அன்று என்பதை, முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றித் தாம் 1965-இல் வெளியிட்ட நூலில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் எடுத்துரைத்தார். அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையின் கைக்குச் சென்றிருந்த மூலம், வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின்னர் 1986-இல் இந்தியாவுக்கு மீண்டது. ஏடு ஏமாற்றியதைக் கண் கண்டுபிடித்தது.

சிங்கப்பூரிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. ஆசிய நாகரிகங்களின் அரும்பொருளகம் 2007-இல் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து, பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கால உமாபரமேசுவரி திருமேனி ஒன்றை நியூயார்க் வணிகரிடம் வாங்கியது. திருமேனி மெய்யானதே, கலைநயத்திலும் குறைவில்லை. ஆனால் அது அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போனது எனப் பின்னர்த் தெரிய வந்தது. 2015-இல் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே கோயிலிலிருந்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தை அடைந்த நடராசரும் அதற்கு முந்திய ஆண்டே தாயகம் திரும்பினார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்த கோயிற் படங்கள் அந்த நடராசரை அடையாளம் காட்டத் துணை நின்றன. சிவபுரத்தில் கண் செய்த பணியை இங்கே ஏடு செய்தது.

ஆதலால், காட்சிச்சாலை செல்லும் மாணவனின் குறிப்பேட்டில் இரு பகுதிகள் இருத்தல் வேண்டும். உயரம், நிலை, கைகளின் அமைதி, அணிகள், பீடத்தின் துளைகள், தேய்வு ஆகியன முதற்பகுதியில் இடம்பெறும். எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், எவர் வழியே இவ்விடம் சேர்ந்தது, அதனைப் பற்றிய கல்வெட்டு யாது, பழைய படம் உண்டா என்பன இரண்டாம் பகுதிக்குரியன. முதற்பகுதி அழகை உணர்த்தும். இரண்டாம் பகுதி அவ்வழகுக்குரிய ஊரையும் மக்களையும் உணர்த்தும். திருவெண்காட்டுப் பெருமான் தம் விடையை இழந்தாலும், தம் ஊரையும் ஆண்டையும் இழந்தாரல்லர். அவற்றையும் இழந்து, பெயரும் பிறப்பிடமும் தெரியாமல் உலகெங்கும் கண்ணாடிப் பேழைகளுள் நிற்கும் திருமேனிகள் பல. அவை ஒவ்வொன்றும், தன்னை நின்று நோக்கித் தேடி அறியவல்ல ஒரு மாணவனுக்காகவே காத்திருக்கிறது.