பேரரசு வீழ்ந்த காலத்திற் கிறித்தவம்: மேற்கும் ஈழமும்

ஈழநாட்டிற்குக் கிறித்தவ சமயம் 1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரின் மரக்கலங்களோடு முதன்முதல் வந்தது என்பது பலரும் கொண்டிருக்கும் எண்ணம். மலைநாட்டிலே இவ்வெண்ணம் வலுப்பெறுதற்குக் காரணமும் உண்டு. நோர்வூட்டைச் சூழ்ந்த டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளிற் காணப்படும் பழைய தேவாலயங்கள், 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலத் தோட்டத்துரைமார் காலத்தில் எழுந்தவை. ஆதலின் அச்சமயம் ஆள்வோரின் சமயமாகவே இங்குப் புகுந்தது எனக் கருதுதல் எளிது. ஆயின், போர்த்துக்கேயர் வருதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இத்தீவில் ஒரு திருச்சபை இருந்தது எனச் சரித்திரம் கூறுகின்றது. அதன் தன்மையை உணர்தற்கு அக்காலத்து ஐரோப்பாவின் நிலையை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

313ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்தீன், லிசீனியஸ் என்னும் பேரரசர் இருவரும் உரோமப் பேரரசிற் கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை வழங்கினர். 380இல் தியோடோசியஸ் அதனை அரச சமயமாக்கினான். அதன் பின் நூறாண்டு நிறையுமுன் மேற்குப் பேரரசு சிதைந்தது. 410இல் விசிகோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடினர். 476இல் இளையோனாகிய பேரரசன் உரோமுலஸ் அகுஸ்துலஸை ஒடோவாக்கர் அரியணையினின்றும் இறக்கினான். கொன்ஸ்தாந்திநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பேரரசு மட்டும் 1453 வரை நிலைத்தது.

மேற்கில் அரசு மறைந்தது. அரசு ஆற்ற வேண்டிய கடமைகளோ மறையவில்லை. பசித்தோர்க்கு உணவளிக்கவும், வழக்குத் தீர்க்கவும், பகைவரோடு பேசவும் யாரேனும் வேண்டியிருந்தது. நகரந்தோறும் இருந்த ஆயர்களே அப்பொறுப்பை ஏற்றனர். 452இல் ஊணர் தலைவன் அத்திலா இத்தாலியுட் புகுந்தபோது, அவனை எதிர்கொண்டு பேசிய தூதுக்குழுவிற்குப் பாப்பரசர் முதலாம் லியோ தலைமை தாங்கினார். 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த கிரெகரி, கொள்ளைநோயும் இலொம்பாடியர் படையும் உரோமாபுரியை வருத்திய காலத்தில், திருச்சபையின் நிலங்களில் விளைந்த தானியத்தை நகர மக்களுக்குப் பங்கிட்டார். பகைவரோடு உடன்படிக்கையும் செய்தார். ஏறத்தாழ 529இல் பெனடிக்ற் முனிவர் மொன்ற் கசினோவில் நிறுவிய மடமும் அவர் வகுத்த ஒழுங்கும், வழிபாட்டையும் உழைப்பையும் கல்வியையும் ஒருங்கே பேணிய துறவறத்திற்கு வழிகாட்டின. பழைய இலத்தீன் நூல்கள் பல, மடங்களிற் படியெடுக்கப்பட்டமையாலேயே அழியாது எஞ்சின.

புதிதாக எழுந்த அரசுகளும் திருச்சபையின் துணையை நாடின. பிராங்கியர் மன்னன் குளோவிஸ் ஞானஸ்நானம் பெற்றான். அவன் குடிகளும் பின்தொடர்ந்தனர். 597இல் கிரெகரி அனுப்பிய ஒகஸ்தீன் என்னும் துறவி இங்கிலாந்தின் கென்ற் நாட்டை அடைந்தார். 601இல் கிரெகரி எழுதிய மடலொன்று, அம்மக்களின் பழைய கோயில்களை இடிக்காது தூய்மைசெய்து வழிபாட்டிடங்களாக்குமாறு பணித்தது. மக்கள் பழகிய இடத்திலேயே புதிய நெறி வேரூன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் எங்கும் இப்பொறுமை காணப்படவில்லை. 772 முதல் 804 வரை சாள்ஸ் மாமன்னன் சாக்சனியரோடு பொருது அவர்களை அடக்கினான். ஞானஸ்நானத்தை மறுப்போர்க்கு மரண தண்டனை விதித்துச் சட்டமும் இயற்றினான். 800இல் அவனுக்குப் பேரரச முடி சூட்டியவர் பாப்பரசரே. இவ்வாறு மேற்கிலே சிலுவையும் செங்கோலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கிழக்கிலே நிலைமை வேறு. பாரசீகத்தில் அரசு சோராஸ்திர சமயத்தார் கையில் இருந்தது. இரண்டாம் சாப்பூர் காலத்திற் கொடுந்துன்பம் உற்ற கிறித்தவர், 410இற் செலூக்கியாவிற் கூடித் தம் திருச்சபையை ஒழுங்குபடுத்தினர். 424இல் மேற்கின் அதிகாரத்திற்கு உட்படாதோர் எனத் தம்மை அறிவித்தனர். அரச பலம் இல்லாத இத்திருச்சபை வணிகரோடும் துறவிகளோடும் பயணஞ்செய்து, 635இற் சீனத் தலைநகர் வரையும் சென்றது. ஈழத்திற்கு வந்ததும் இதுவே.

அலெக்சாந்திரியா நகரத்து வணிகராயிருந்து பின்னர்த் துறவியான கொஸ்மாஸ், 6ஆம் நூற்றாண்டின் நடுவிற் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் இத்தீவைப் பற்றிக் கூறுகின்றார். இங்குக் குடியிருந்த பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு தேவாலயம் இருந்தது. அவர்களின் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டார். நாட்டு மக்களும் மன்னரும் வேறு சமயத்தவர். சொபாத்ரோஸ் என்னும் உரோம வணிகனும் பாரசீகன் ஒருவனும் மன்னன் முன்னிலையிலே தத்தம் அரசரின் பெருமைக்கு வாதிட்டனர் என்றும், உரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக்காசையும் ஒப்பிட்டு மன்னன் தீர்ப்பளித்தான் என்றும் அவர் ஒரு கதையும் உரைக்கின்றார். கதை உரோமரைப் புகழ்வதற்கென்றே சொல்லப்பட்டது. எனினும் இருபெரும் வல்லரசுகளின் குடிகள் இங்கு விருந்தினராய் வந்து மன்னன் முன் நின்றனர் என்பது அதனாற் புலனாகும்.

1912இல் அநுராதபுரத்தில், கருங்கற்றூண் ஒன்றின் துண்டிலே செதுக்கிய சிலுவை கண்டெடுக்கப்பட்டது. முதலில் அதனைப் போர்த்துக்கேயருடையதெனக் கருதினர். பின்னர் கொட்ரிங்ரன் முதலிய ஆய்வாளர் அதனைக் கொஸ்மாஸ் கூறிய பாரசீகக் கிறித்தவரோடு தொடர்புபடுத்தினர். அக்காலத்துப் பெருந்துறைகளுள் ஒன்றான மாதோட்டம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் விளங்கும் பதியாகும். பல நாட்டு வணிகரும் பல நெறியினரும் அத்துறையிற் பழகினர்.

கடலுக்கப்பால், சேர நாட்டுக் கொல்லத்தில், அத்தகைய வாழ்வின் சாசனமே கிடைத்துள்ளது. 849இல், தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டு ஐயனடிகள் தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்திற்கு நிலமும் வரிவிலக்கும் வணிக உரிமைகளும் அளித்தான். அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. சாட்சியர் சிலர் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளிற் கையொப்பமிட்டனர்.

மேற்கூறியவற்றால் ஓருண்மை தெளிவாகின்றது. ஒரே சமயம் மேற்கில் அரசின் இடத்தை நிரப்பியது. கிழக்கில் அரசின் நிழலில் வாழ்ந்தது. அவ்வேற்றுமையை விளைத்தது சமயக் கோட்பாடன்று, அரசியற் சூழலே. 1505இல் வந்தது மேற்கின் மரபு. கிழக்கின் மரபோ ஈழத்தில் நிலைக்கவில்லை. ஏனெனில் கொஸ்மாஸ் கூறியவாறு அது வந்தேறிய வணிகரின் சபையாகவே இருந்தது. மலையாள நாட்டில் அது மண்ணின் மக்களையும் மொழியையும் தழுவியமையால் இன்றும் வாழ்கின்றது.

மலைநாட்டுக்கும் இது பொருந்தும். 1854இற் தோட்டப்புறங்களிற் தொடங்கிய தமிழ்ப் பணியிற் துரைமாரின் ஆதரவு இருந்தது; ஆயினும் தொழிலாளரிடம் சென்று தமிழிற் பேசியோர் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களே. துரைமார் ஆட்சி நீங்கிய பின்னரும் தோட்டங்களிலே கோயில் மணியும் தேவாலய மணியும் ஒலிக்கின்றன. ஆள்வோர் தந்த இடம் ஆள்வோரோடு போகும்; மக்கள் உள்ளத்திற் பெற்ற இடமே நிலைக்கும்.